அப்பாவுக்கு வந்த நோயை அப்பாவிடம் சொல்லலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன். அப்பாவுக்கு எழுபது வயது. ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், பால்வெட்டியே இரண்டு பையன்களையும் படிக்க வைத்தவர். 2017 ஒக்கிப் புயலில் மரமெல்லாம் சாய்ந்த பிறகு அவர் திரும்ப நட்ட கன்றுகள் இப்போதுதான் வெட்டுப் பருவத்துக்கு வந்திருக்கின்றன. இந்த நேரத்தில் இரைப்பையில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. முழுதாகக் குணப்படுத்த முடியாது, கீமோ ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம் என்று டாக்டர் பிள்ளைகளை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சொல்லியிருப்பது அல்சர் என்று.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன், "அப்பாவிடம் மூச்சு விடாதே, கேட்ட அன்றைக்கே விழுந்துவிடுவார்" என்கிறார். நல்லதுக்குப் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பது அவர் கட்சி. உரிமை அது இது என்பதெல்லாம் மேல்நாட்டுப் பேச்சு, நம் வீட்டில் பிள்ளைக்குக் கடமைதான் உண்டு என்கிறார். கூடவே, விளையை இப்போதே இரண்டு பேர் பெயருக்கும் எழுதி வாங்கிவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். அப்பாவோ தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இவரிடம் கேட்கிறார்: "எனக்க வயித்துல என்னதான் இருக்கு மக்களே?"

"மகனாக என் கடமை எது? அப்பாவுக்கு உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறதா?" இதுதான் தம்பியின் கேள்வி.

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களும் அண்ணனும் கூடி முடிவெடுக்க வேண்டாம். அது அப்பா எடுக்க வேண்டிய முடிவு. தெரிந்துகொள்ள விருப்பமா, எவ்வளவு தெரிய வேண்டும், யார் வாயால் தெரிய வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் தினமும் கேட்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, பாதிப் பதிலை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

நான் செவிலியர் படிப்பு மாணவிகளுக்கு மருத்துவ அறம் சொல்லிக்கொடுக்கிறவன். குணமாகாத நோயில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் கேர் குழுவோடு நம் மாவட்டத்தில் வீடு வீடாகவும் போகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டில் நடப்பதுதான். அதனால் உங்கள் அண்ணனைக் கெட்டவராக நினைத்து இதை எழுதவில்லை. அப்பா மேல் பாசம் இல்லாதவர் இப்படிப் பயப்பட மாட்டார். ஆனால் அவர் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

உரிமை மேல்நாட்டுப் பேச்சு என்கிறாரே, அதிலிருந்து தொடங்குகிறேன். வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம், நம் மாவட்டத்துக்காரர் சொல்லக் கூடாத பேச்சு இது. இந்த மண் திருவிதாங்கூரில் இருந்தபோது எந்தச் சாதிப் பெண் எப்படித் துணி உடுத்த வேண்டும் என்பதை அரசு சொன்னது. நாடார் பெண்கள் மேலாடை போடுவது முறையல்ல, இனிமேல் போடக் கூடாது என்று 1829-இல் அரசு விளம்பரமே வந்தது. அன்றைக்குச் சட்டம் அது. சட்டத்தைத் தவிர உரிமை கிடையாது என்றால், துணி போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள்தான் குற்றவாளிகள், அந்தத் துணியைக் கிழித்தவர்கள் சட்டத்தைக் காப்பாற்றியவர்கள் என்றாகிவிடும். நம் பாட்டிமார் யாரும் அப்படி நினைக்கவில்லை. அடி வாங்கினார்கள், அவர்கள் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது, இருந்தும் மேலாடை போட்டார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா தடையைத் தளர்த்தினார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று ஒரு வரி அதில் இருந்தது. வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்தவர்கள்கூட "நீயும் நானும் ஒன்று" என்று சொல்ல மனம் வராமல் அந்த வரியை வைத்தார்கள்.

அந்தப் பெண்கள் கையில் எந்தத் தாளும் இல்லை. ஆனால் அவர்களுக்கு உரிமை இருந்தது. ராஜா கொடுத்ததால் அது வரவில்லை. அது இருந்ததால்தான் ராஜா கடைசியில் கொடுக்க வேண்டியதாயிற்று. இதைத்தான் அறவுரிமை என்கிறோம். சட்டம் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் மனிதராக இருப்பதனாலேயே மற்றவர்கள் அவருக்குத் தர வேண்டிய மரியாதை அது. அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்கச் சொன்னார். இன்றைக்கும் அவருடைய வழிபாட்டு இடமான பதிக்குள்ளே போனால், வணங்குகிறவர் தன்னையே பார்க்கும்படி எதிரே கண்ணாடி இருக்கிறது. ஜெர்மனிக்காரர் எழுதிய தத்துவம் படித்துவிட்டு யாரும் அந்தக் கண்ணாடியை வைக்கவில்லை.

அந்தக் கொடுமையும் உங்கள் வீட்டு மௌனமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்தது வெறுப்பு, உங்கள் வீட்டில் இருப்பது பாசம். நான் சொல்வது ஒன்றுதான்: தன் உடம்பைப் பற்றிய முடிவு தன்னைக் கேட்காமல் எடுக்கப்படக் கூடாது என்ற எண்ணம் இங்கே இறக்குமதியான சரக்கு இல்லை. இந்த மாவட்டம் அதற்காக ரத்தம் சிந்தியிருக்கிறது.

அடுத்து, பிள்ளைக்குக் கடமைதான் உண்டு என்கிறார் அண்ணன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்குச் செய்கிற கடமை? அப்பாவுக்கு. அப்படியானால் அந்தக் கடமையில் அப்பாவுக்கு ஒரு பாத்தியதை உண்டு, இல்லையா? ஒருவர் கடன் பட்டிருக்கிறார் என்றால் எதிரே வாங்க வேண்டியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அப்பாவிடம் பொய் சொல்லாதிருப்பது உங்கள் கடமை என்றால், உண்மையைக் கேட்டுப் பெறுவது அவர் உரிமை. வாங்க வேண்டியவர் "எனக்கு வேண்டாம், வைத்துக்கொள்" என்று விட்டுக்கொடுக்கலாம். தர வேண்டியவர் தானாகவே "அவருக்கு எதற்கு அது" என்று முடித்துக்கொள்ள முடியாது. அண்ணன் செய்வது இந்த இரண்டாவது காரியம்.

இதைத் தெளிவாகப் பேசியவர்களில் ஒருவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். 1785-இல் வந்த நூலில் அவர் சொன்னது சுருக்கமாக இது: உன்னிடமும் சரி, பிறரிடமும் சரி, மனிதத்தன்மையை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, அதையே ஒரு நோக்கமாகவும் எப்போதும் நடத்து. பஸ் டிரைவரை நாம் ஊருக்குப் போகப் பயன்படுத்துகிறோம், அதில் தப்பில்லை. அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, சம்பளம் வாங்கிச் செய்கிறார். ஒருவர் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சம்மதிப்பாரா என்பதையே பார்க்காமல், தெரியாதபடி மறைத்து அவரை ஒரு காரியத்துக்குள் இழுத்துவிடுவதுதான் தப்பு. பொய் ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகிறது என்றால் இதனால்தான். பொய் சொல்லப்பட்டவருக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. அவர் சரி என்று தலையாட்டினாலும் அவர் ஆட்டியது வேறொன்றுக்கு.

கான்ட் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். கொலைகாரனுக்கு அந்த உண்மையில் எந்தப் பாத்தியதையும் இல்லை. உங்கள் அப்பா கேட்பது அவருடைய சொந்த வயிற்றைப் பற்றி.

மருத்துவத்தில் இந்தப் பேச்சு எப்படி அழுத்தமாக நுழைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை நாற்பது வருஷம், அரசு சுகாதாரத் துறை சுமார் அறுநூறு ஏழைக் கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் பெரும்பாலோருக்கு மேகப்புண் (சிஃபிலிஸ்) நோய். அவர்களிடம் சொன்னதோ "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று. பென்சிலின் வந்து, அதனால் நோய் தீரும் என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. விட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது வெளியே வந்து நாடே கொந்தளித்த பிறகு அமைத்த ஆணையம் 1979-இல் வெளியிட்டதுதான் பெல்மான்ட் அறிக்கை. அதில் முதல் கொள்கையே மனிதர்களை மதித்தல். அதற்கு இரண்டு பக்கம் சொன்னார்கள். தனக்காகத் தானே முடிவெடுக்கக் கூடியவரை அப்படியே முடிவெடுக்க விட வேண்டும்; முடிவெடுக்கும் சக்தி குறைந்தவருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தர வேண்டும். நன்மை செய்தல், நீதி ஆகிய மற்ற இரண்டும் அதற்குப் பிறகு வருகின்றன.

உங்கள் அப்பா இதில் எந்தப் பக்கம்? கணக்கு வழக்கு பார்க்கிறார், ரப்பர் ஷீட் எப்போது விற்கலாம் என்று விலை பார்த்து முடிவு செய்கிறார், ஓட்டுப் போடுகிறார். அவர் முதல் பக்கத்துக்காரர். நோய் வந்ததால் அவர் குழந்தையாகிவிடவில்லை. நம் வீடுகளில் நடக்கிற பெரிய பிழை இதுதான்: வயதானவருக்கு நோய் என்றதும் அவரைப் பாதுகாக்கப்பட வேண்டியவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். நோயாளி பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் அம்மாவிடம் யார் கேட்கிறார்கள்? மகன் கையெழுத்துப் போடுகிறான், அவ்வளவுதான்.

சரி, வள்ளுவருக்கு வருகிறேன். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற 292-ஆம் குறளை அண்ணன் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் அதன் பாரமெல்லாம் பின்பாதியில் இருக்கிறது. குற்றம் கலக்காத நன்மை வருமானால் என்று நிபந்தனை போட்டுத்தான் வள்ளுவர் அனுமதிக்கிறார். உங்கள் வீட்டுப் பொய்யை அந்த நிபந்தனையில் வைத்துப் பாருங்கள். அந்தப் பொய் காரணமாக, கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பா சொல்ல முடியவில்லை. என்ன என்று தெரியாமல் நிலத்தை எழுதிக்கொடுக்கப் போகிறார். கடைசிக் காலத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு திட்டம் இருந்திருக்குமானால் அதுவும் போயிற்று. இதில் எங்கே குற்றம் கலக்காத நன்மை?

அதே வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளைச் சொல்கிறார். "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோய் உற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து கொடுப்பவன். நோயாளி முதலில் வருகிறான். நீங்களும் அண்ணனும் நாலாவது. அண்ணனிடம் இந்தக் குறளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறைத்த வீடுகளில் நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். பாட்டிக்குக் கர்ப்பப்பைப் புற்று. வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் போன அன்றைக்கு வலி மாத்திரை எப்படிப் போடுகிறாள் என்று பார்க்க, நர்ஸ் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கம் பெயர் இருக்கிற இடமெல்லாம் பிளேடால் சுரண்டியிருந்தது. பேரப்பிள்ளை இங்கிலீஷ் படிக்கிறாள், பெயரைப் பார்த்துப் போனில் தேடிச் சொல்லிவிடுவாள் என்று மகன்மார் செய்த வேலை. கட்டிலில் கிடந்த பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைச் சாயா வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். அவன் படி இறங்கியதும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரச் சுரண்டுன மருந்தத் தாறானுவளே பிள்ளே, எனக்குத் தெரியாமலா இருக்கும்" என்றாள்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டோம். ஆரம்பத்திலிருந்தே என்றாள். ஏன் பிள்ளைகளிடம் பேசவில்லை என்றால், "அவனுவ தாங்கமாட்டானுவ" என்றாள். பிள்ளைகள் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைக்கிறார்கள். அம்மா பிள்ளைகளைக் காப்பாற்ற, தெரியாததுபோல் நடிக்கிறாள். ஒரே வீட்டுக்குள், பத்தடி தூரத்தில். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை கூட்டிப்போகச் சொல்லி அவள் அதற்கு முந்தைய மாதம் கேட்டிருக்கிறாள். "அடுத்த வருஷம் சுகமாகிப் போவோம்" என்று மகன் சொல்லியிருக்கிறான். அடுத்த வருஷம் கிடையாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டிசம்பர் மூன்றாம் தேதியோடு திருவிழா முடிந்துவிட்டிருந்தது. மகன் பாசக்காரன்தான், காரும் இருந்தது. உண்மை பேசப்பட்டிருந்தால் தூக்கிக்கொண்டாவது போயிருப்பான்.

அதனால், மறைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மறைந்திருப்பதில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சில் முடி கொட்டிப்போனவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கிவந்து வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியாது என்று நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பது. தினமும் கேட்கிறார் என்றால், அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தன்னோடு யாராவது உண்மையாகப் பேசுவார்களா என்று பார்க்கிறார்.

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது: "அம்மாவுக்குத் தெரியும், அழுதுகொண்டே இருக்கிறார்." இதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர். கஞ்சி கொடுக்கும்போதும், காலைப் பிடித்துவிடும்போதும், ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும்போதும் அந்த அம்மா பொய்யாக இருக்க வேண்டும். அழுகை வந்தால் அடுக்களைக்குப் போய் அழ வேண்டும். அண்ணன் போனில் எடுத்த முடிவை நாள் முழுக்க உடம்பால் சுமப்பது அம்மா. அவரிடம் யாராவது கேட்டீர்களா?

"கேட்ட அன்றைக்கே விழுந்துவிடுவார்" என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கெட்ட செய்தி கெட்ட செய்திதான். இரண்டு மூன்று நாள் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், கோபப்படுவார், ஒருவேளை உங்கள் மேலேயே. ஆனால் பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு எழுந்து உட்காருகிறார்கள். அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். உங்கள் அப்பா ஒரே ராத்திரியில் விளை முழுக்கத் தரையில் கிடந்ததைப் பார்த்தவர். பால்வெட்ட ஏழு வருஷம் ஆகும் என்று தெரிந்தும், அறுபது வயது தாண்டிக் கன்று நட்டவர். அவரைப் போய்ச் செய்தி தாங்காதவர் என்கிறீர்களே.

சொல்லக் கூடாத நேரங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பார்த்தபோது அவரே "எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், நீங்களே பாத்துக்கிடுங்க" என்றால், அதை மதிக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமைதான். வலுக்கட்டாயமாக உண்மையைத் திணிப்பதும் மரியாதைக் கேடு. "பெரியவன் சொல்றபடி செய்யுங்க" என்று அண்ணனிடம் பொறுப்பைக் கொடுத்தால் அதுவும் அவர் எடுத்த முடிவு. நம் குடும்பங்களில் பலர் அப்படித்தான் விரும்புவார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நினைவு தடுமாறிப்போனவருக்கு வேறு கணக்கு. தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று தெரிந்தால், முதலில் டாக்டரிடம் பேசி, தனியாக விடாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் போக வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதில் எதுவும் அப்பாவுக்கு இல்லை.

டாக்டர் உங்களை மட்டும் கூப்பிட்டுச் சொன்னதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள், நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வரும்போது நோயாளி, உறவினர், பொறுப்பான நண்பர் என்று மூவரையும் ஒரே வரியில் வைத்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தருகிற அளவில் என்று விட்டுவிடுகின்றன. அதனால் பல டாக்டர்கள் சொல்லச் சுலபமான ஆளிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சிகிச்சைக்குச் சம்மதம் என்று வரும்போது சட்டம் அவ்வளவு தளர்வாக இல்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு கொடுப்பதுதான் சம்மதம் என்றும் சொன்னது. ஆக, அல்சருக்கு மருந்து என்று சொல்லி அப்பாவுக்குக் கீமோ ஏற்ற முடியாது. ஏற்றினால் சட்டப்படியும் தப்பு. வாந்தியும் சோர்வும் எதனால் வருகிறது என்று தெரியாமல், இந்த மருந்தே ஆகவில்லை என்று இரண்டாவது டோஸுக்கு வர மறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு நாட்டு வைத்தியத்துக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குணமாகாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் எழுதி நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ உறுதி வாங்கினால் போதும். தனக்கு அல்சர் என்று நம்பிக்கொண்டிருப்பவர் இதை எப்படி எழுதுவார்?

விளை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். மறைக்கச் சொல்வதில் அண்ணனுக்குப் பாசம் காரணம் என்றேன். மறைத்துக்கொண்டே எழுதி வாங்குவதில் அந்தச் சமாதானம் நிற்காது. கான்ட் சொன்ன "வெறும் கருவி" என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அப்பா தன் வாழ்நாள் குறைவு என்று தெரிந்தால் விளையை வேறுவிதமாகப் பிரிக்கலாம். அம்மாவின் ஆயுசுவரை வருமானம் அம்மாவுக்கே என்று வைக்கலாம். வைத்தியச் செலவுக்குப் பாதியை விற்கலாம் என்றுகூடச் சொல்லலாம், அது அவர் நிலம். செட்டில்மென்ட் பத்திரம் ஒரு தடவை பதிவாகிவிட்டால் அவராகத் திரும்ப மாற்றுவது லேசில்லை. உயில் என்றால் இருக்கிறவரை மாற்றிக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்து, ஏன் இப்போது என்பதும் தெரிந்து அவர் போடுகிற கையெழுத்துதான் கையெழுத்து. உண்மை பேசி முடிகிறவரை ரிஜிஸ்டர் ஆபீஸ் பேச்சையே எடுக்காதீர்கள். அண்ணன் டிக்கெட் போட்டு வந்துவிட்டாலும் சரி.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? முதலில் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அப்புறம் அவர் வாழ்நாள் முழுக்க உங்களை மன்னிக்க மாட்டார், அவரும் மதிக்கப்பட வேண்டிய ஒருவர்தானே. "நானாகப் போய்ச் சொல்லப் போவதில்லை, அப்பா கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன், அவருக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். சத்தம் போடுவார். போடட்டும். முடிந்தால் வீடியோ கால் வேண்டாம், நேரில் வரும்படி கேளுங்கள். அம்மாவிடமும் முன்கூட்டியே பேசுங்கள்.

அப்பா அடுத்த தடவை கேட்கும்போது உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க என்னன்னு நினைக்கிறீங்கப்பா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். பல சமயம் அவர்களே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், "டாக்டர் சொன்னதெல்லாம் ஒங்ககிட்ட சொல்லட்டா, இல்ல நாங்க பாத்துக்கிடட்டா?" என்று கேளுங்கள். சொல்லு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். வந்திருப்பது சாதாரணப் புண் இல்லை என்பது முதலில். அவர் நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள், மறுநாள் அவரே தொடர்வார். எத்தனை மாதம் என்று கேட்டால் கணக்குச் சொல்லாதீர்கள். அது டாக்டராலேயே சரியாகச் சொல்ல முடியாதது. "முழுசா மாறாதுப்பா, ஆனா வலி இல்லாம வைக்க வழி இருக்கு, நாங்க விட்டுட்டுப் போகமாட்டோம்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். அந்த வழி உண்மையிலேயே இருக்கிறது. மார்ஃபின் உட்பட வலிக்கு நல்ல மருந்துகள் உண்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுக்களும் நம் மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் உண்டு. அவர் அழுதால் சமாதானப்படுத்த அவசரப்படாமல் கூட இருங்கள்.

அடுத்த தேதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடம் முதலிலேயே, "இனி எதுவானாலும் அப்பாவை வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குக் கேட்க வேண்டியதெல்லாம் முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே. டாக்டர் எதிரே இருக்கிற ஸ்டூலில் அப்பா உட்காரட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.